தாரையை அளந்த பிரபு



மலருக்கு ஒரு கட்டுரை கொடு என்று மலர்க்குழு நண்பர்கள் என்னைத் துரத்த ஆரம்பித்தபோது, எங்கள் புராஜெக்ட் ஏறக்குறைய படுத்துவிட்டிருந்தது. கவிதை எழுதுகிற மனநிலையில் நான் இல்லை. அந்தப் புராஜெக்டால்தான் இந்த மனிதரைப் பற்றிப் படிக்க நேர்ந்தது. அதனால் அவரைப் பற்றியே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

விஷயம் ரொம்பச் சின்னது. ஒரு கோடு போட வேண்டும். அவ்வளவுதான்! பழைய இங்க்ஜெட் பிரிண்டர் ஒன்றிலிருந்து கழற்றிய ஹெட், அதற்குக் கீழே ஸ்டெப்பர் மோட்டாரில் நகரும் ஒரு மேசை, மேசையில் பிளாஸ்டிக் ஷீட். வெள்ளித் துகள் கலந்த மையைத் துளித்துளியாக வரிசையில் விழவைத்து, அவனில் காயவைத்தால் கரண்ட் போகிற கோடு கிடைக்கும். செம்புத் தகட்டை அமிலத்தில் அரிக்காமலேயே சர்க்யூட் போர்டு செய்யலாம் என்று நாங்கள் நாலு பேரும் கனவு கண்டோம். வந்தது என்ன தெரியுமா? மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் ஒரு கோடு பாசிமணி கோர்த்த மாதிரி இருக்கிறது. இன்னொன்று ஆட்டுக்குட்டியை விழுங்கிய மலைப்பாம்பு மாதிரி நடுநடுவே வீங்கிக் கிடக்கிறது.

ஏன் இப்படி ஆகிறது என்று நூலகத்தில் தேடத் தேட, எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் ஒரே பெயர் வந்தது. ராலே. லார்ட் ராலே. வானம் ஏன் நீலமாக இருக்கிறது என்று ப்ளஸ் டூவில் படித்தோமே, அதே ராலேதான். அவருக்கும் நம்ம பிரிண்டருக்கும் என்ன சம்பந்தம்?

அவருடைய இயற்பெயர் ஜான் வில்லியம் ஸ்ட்ரட். 1842 நவம்பர் 12-ந் தேதி இங்கிலாந்தின் எஸெக்ஸ் மாவட்டத்தில் பிறந்தார். குறைப்பிரசவக் குழந்தை. பிழைத்ததே பெரிது என்கிற மாதிரியான உடம்பு. ஈட்டன், ஹாரோ என்று பெரிய பெரிய பள்ளிகளில் சேர்த்தார்கள். எதிலும் தொடர்ந்து படிக்க உடம்பு இடம் கொடுக்கவில்லை. கடைசியில் டார்க்வே என்ற கடற்கரை ஊரில் ஒரு பாதிரியாரிடம் தனியாகப் பாடம் படித்தார். வீட்டில் பணத்துக்குப் பஞ்சமே இல்லை. ஆயிரக்கணக்கான ஏக்கர் நிலம், டெர்லிங் என்ற ஊரில் அரண்மனை மாதிரி வீடு, அப்பா ஒரு பிரபு. இந்தப் பையன் சும்மா குதிரை ஏறி, வேட்டையாடி, காலத்தை ஓட்டியிருந்தாலும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அந்தக் காலத்தில் ஒரு பிரபு வீட்டுப் பிள்ளை பூதக்கண்ணாடியும் கையுமாகத் திரிந்தால்தான் ஊரே விநோதமாகப் பார்க்கும்!

1861-ல் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியில் சேர்ந்தார். ரௌத் என்ற பேர்பெற்ற ஆசிரியரிடம் கணக்குப் பயிற்சி. 1865-ல் கணிதத் தேர்வில் பல்கலைக்கழகத்திலேயே முதலாவதாக வந்தார். சீனியர் ராங்ளர் என்பார்கள். இன்றைக்கு ஸ்டேட் ஃபர்ஸ்ட் வாங்கினால் பேப்பரில் போட்டோ வருகிறதே, அதைப்போலப் பத்து மடங்கு மரியாதை அதற்கு. ஆனால் கணக்கு வந்த அளவுக்கு அவருக்கு பிராக்டிகல் கற்றுக்கொள்ள வழியில்லை. அப்போது கேம்பிரிட்ஜில் மாணவர்களுக்கு என்று ஒரு பௌதிக ஆய்வுக்கூடமே கிடையாது! மேடையில் புரொபசர் செய்து காட்டுவார், எல்லோரும் பார்த்துக் கைதட்டிவிட்டு வரவேண்டியதுதான். அதனால் அமெரிக்கா போய்ச் சுற்றிவிட்டு வந்து, 1868-ல் சொந்தப் பணத்தில் கருவிகள் வாங்கித் தானாகவே கற்றுக்கொண்டார்.

1871-ல் இரண்டு நல்ல காரியங்கள் நடந்தன. ஒன்று, வானத்தின் நீலத்துக்கு அவர் எழுதிய விளக்கம். மிகச் சிறிய துகள்களில் பட்டுச் சிதறும் ஒளியின் அளவு அலைநீளத்தின் நான்காம் படிக்குத் தலைகீழ் விகிதத்தில் இருக்கும் என்ற கணக்கு அதில்தான் வருகிறது. இன்னொன்று, கல்யாணம். பெண் ஈவ்லின் பால்ஃபர். பின்னாளில் பிரதம மந்திரியான ஆர்தர் பால்ஃபரின் அக்கா. மறு வருஷமே மூட்டுக் காய்ச்சல் வந்து மனிதர் படுத்த படுக்கையாகிவிட்டார். உயிருக்கே ஆபத்து என்கிற நிலை. தேறுவதற்காக எகிப்துக்கு அனுப்பினார்கள். நைல் நதியில் ஒரு படகு வீட்டில் மாதக்கணக்கில் பயணம். மனைவியும் மைத்துனி எலினரும் கூட இருந்தார்கள். நாமாக இருந்தால் படுத்துத் தூங்கியிருப்போம். இவர் அந்தப் படகில் உட்கார்ந்து ஒலியியல் பற்றி ஒரு புத்தகம் எழுத ஆரம்பித்தார். 1877-ல் முதல் பாகமும் 1878-ல் இரண்டாம் பாகமும் வந்த அந்தப் புத்தகம் இன்றும் அச்சில் இருக்கிறது.

1873-ல் அப்பா இறந்துபோக, ஜான் வில்லியம் மூன்றாவது லார்ட் ராலே ஆனார். நிலத்தையும் குத்தகைக்காரர்களையும் கொஞ்ச நாள் பார்த்துக்கொண்டு, பிறகு 1876-ல் பொறுப்பைத் தம்பி எட்வர்டிடம் ஒப்படைத்துவிட்டார். தம்பி கெட்டிக்காரர். பண்ணையையும் பாலையும் பெரிய வியாபாரமாக்கினார். லண்டனில் லார்ட் ராலே பெயரில் பால் கடைகளே இருந்தன. அங்கே எத்தனையோ பேருக்கு அந்தப் பெயர் விஞ்ஞானத்தால் தெரிந்ததில்லை, பாலால்தான் தெரிந்தது!

இனி நம்ம விஷயத்துக்கு வருகிறேன். குழாயைத் திறந்து மெல்லிய தாரையாகத் தண்ணீரை விடுங்கள். மேலே கண்ணாடிக் கம்பி மாதிரி வழவழவென்று இறங்கும். கொஞ்சம் கீழே போனதும் கலங்கினாற்போல் தெரியும். அது கலங்கல் கிடையாது. தாரை அங்கே துளித்துளியாக உடைந்துவிட்டது. நம் கண்ணுக்கு அந்த வேகம் பிடிபடவில்லை, அவ்வளவுதான். 1833-ல் சவார் என்ற பிரெஞ்சுக்காரர் இதை ஆராய்ந்து, பக்கத்தில் ஒரு ஸ்வரத்தை ஒலித்தால் தாரை உடைகிற விதமே மாறுகிறது என்று கண்டுபிடித்தார். பிறகு பெல்ஜியத்தின் கெண்ட் நகரில் பிளாட்டோ. இந்தப் பிளாட்டோவின் கதை தனி. கண் பார்வை முழுவதும் போன பிறகும், மனைவியும் மகனும் நண்பர்களும் செய்து காட்டச் சொல்லிக் கேட்டே ஆராய்ச்சி நடத்தியவர். திரவத்தால் ஆன ஓர் உருளை, தன் சுற்றளவைவிட நீளமாக இருந்தால் நிலைக்காது, உடைந்தே தீரும் என்று காட்டினார். காரணம் பரப்பு இழுவிசை. அதே கன அளவுத் திரவம் நீளக் கம்பியாக இருப்பதைவிட உருண்டைகளாக இருந்தால் மொத்தப் பரப்பு குறைவு. திரவத்துக்குக் குறைந்த பரப்புதான் சௌகரியம்.

சரி, உடையும். ஆனால் எத்தனை துண்டாக? சுற்றளவைவிட நீளமான எந்த அலையும் தாரையை உடைக்கலாம் என்றால், ஏன் துளிகள் ஏறக்குறைய ஒரே அளவில் வருகின்றன? இங்கேதான் ராலே நுழைகிறார். 1878-ல் எழுதிய ஒரு கட்டுரையில் அவர் கேள்வியையே மாற்றிப் போட்டார். எந்த அலை உடைக்கும் என்பதை விட்டுவிட்டு, எந்த அலை வேகமாக வளரும் என்று கணக்குப் போட்டார். தாரையில் எப்போதும் கண்ணுக்குத் தெரியாத ஆயிரம் நடுக்கங்கள் இருக்கும். எல்லாம் சேர்ந்துதான் ஓட ஆரம்பிக்கின்றன. ஓட்டப் பந்தயத்தில் முந்துகிறவனுக்குத்தான் கப். வேகமாக வளர்கிற அலை மற்றவற்றை முந்திக்கொண்டு தாரையை வெட்டிவிடும். அதன் நீளம் தாரையின் விட்டத்தைப்போல 4.508 மடங்கு என்று அவருக்கு விடை வந்தது.

இதிலிருந்து துளி எவ்வளவு பெரிதாக இருக்கும் என்று நாமே கண்டுபிடிக்கலாம், நோட்டை எடுங்கள். தாரையின் விட்டம் டி. 4.508 டி நீளமுள்ள உருளையின் கன அளவு ஒரு கோளமாகிறது. சமன்பாட்டைப் போட்டால் கோளத்தின் விட்டம் 1.89 டி. அதாவது துளி எப்போதும் தாரையைவிடச் சுமார் இரண்டு மடங்கு தடிமன். 50 மைக்ரான் தாரையிலிருந்து 95 மைக்ரான் துளி. மெல்லிய கோடு வேண்டும் என்கிறவனுக்கு இயற்கை வைக்கிற முதல் ஆப்பு இது!

இரண்டாவது ஆப்பு, நேரம். உடைவதற்கு ஆகும் நேரம் விட்டத்தின் ஒன்றரைப் படியைப் பொறுத்தது. விட்டம் நாலில் ஒரு பங்கானால் நேரம் எட்டில் ஒரு பங்கு. 1 மில்லிமீட்டர் தண்ணீர்த் தாரையில் இந்த நடுக்கம் சில மில்லி செகண்டுகளில் வளர்கிறது. 50 மைக்ரான் தாரையில் ஒரு செகண்டில் லட்சத்தில் நாலைந்து பங்குதான். மெலிய மெலிய அவசரம் கூடுகிறது. தேன் மாதிரிக் கெட்டியான திரவமாக இருந்தால் நிதானமாக உடையும். 1892-ல் அதற்கும் தனியாகக் கணக்குப் போட்டுக் கொடுத்தார் ராலே. சிலந்தி வலையில் காலை வெயிலில் வரிசையாகப் பசைத்துளிகள் மின்னுமே, அதுவும் இதே விளையாட்டுதான். சிலந்தி ஒவ்வொரு துளியாக ஒட்டவில்லை. நூலில் பசையைப் பூசியது மட்டும்தான் அதன் வேலை, துளியாக்கியது பரப்பு இழுவிசை.

பேப்பரில் கணக்குப் போட்டதோடு அவர் விடவில்லை. தாரை வரும் குழாயில் அதிரும் இசைக்கவையைத் தொட வைத்தார். ஒழுங்கில்லாமல் சிதறிய துளிகள் உடனே ராணுவ அணிவகுப்பு மாதிரி ஒரே அளவில், ஒரே இடைவெளியில், ஒரே பாதையில் போயின. மின்பொறியின் வெளிச்சத்தில் பார்த்தால் அப்படியே உறைந்து நிற்கிற மாதிரி ஒவ்வொரு துளியும் தெரிந்தது. இன்னொரு சோதனைக்கு அவருக்குத் தேவைப்பட்டது வெறும் அரக்குக் குச்சி. தேய்த்து மின்னேற்றிய குச்சியை நீரூற்றின் அருகில் காட்டினால், மோதித் தெறித்துச் சிதறிக்கொண்டிருந்த துளிகள் ஒன்றோடு ஒன்று சேர ஆரம்பித்தன. 1882-ல், ஒரு துளி எவ்வளவு மின்னூட்டம் வரைக்கும் தாங்கும், எப்போது வெடிக்கும் என்ற எல்லையையும் கணக்கிட்டார். அரக்கு, நூல், கண்ணாடிக் குழாய் என்று கையில் கிடைத்ததைக் கட்டி வேலையை முடிப்பதில் அவர் பேர்போனவர். நம்ம லேப்பில் எக்விப்மென்ட் இல்லை என்று புலம்பும்போதெல்லாம் எனக்கு அந்த அரக்குக் குச்சி ஞாபகம் வந்து தொலைக்கிறது.

அவர் இதைச் செய்தபோது இங்க்ஜெட் பிரிண்டர் என்ற எண்ணமே உலகத்தில் இல்லை. அவருடைய நண்பர் கெல்வின் 1867-லேயே தந்திச் செய்தியைப் பதிய மின்னேற்றிய மையை மெல்லிய கண்ணாடிக் குழாய் வழியாகக் காகிதத்தில் விட்டுப் பார்த்தார் என்பது உண்மைதான். ஆனால் ராலேயின் கணக்கு கடைத்தெருவுக்கு வர எழுபது வருஷத்துக்கு மேலாயிற்று. ஸ்வீடனில் ரூனே எல்ம்க்விஸ்ட் என்பவர் இதயத் துடிப்பை வரைகிற கருவியில் மைத்தாரையைப் பயன்படுத்தி 1951-ல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். (1958-ல் உடம்புக்குள் வைத்த முதல் பேஸ்மேக்கரைச் செய்தவரும் இவரே.) 1960-களில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் ரிச்சர்ட் ஸ்வீட், ராலேயின் இசைக்கவைக்குப் பதில் நாசிலையே அதிரவைத்து, ஒவ்வொரு துளிக்கும் தனித்தனியாக மின்னூட்டம் கொடுத்து, மின்தகடுகளுக்கு இடையே வளைத்துக் காகிதத்தில் எழுதினார். தண்ணீர் பாட்டிலில் புள்ளி புள்ளியாகத் தேதி அச்சடித்திருக்கிறதே, பெரும்பாலும் அந்த வகை மெஷின் வேலைதான். 50 மைக்ரான் தாரை செகண்டுக்கு 20 மீட்டர் வேகத்தில் வந்தால், அலைநீளம் 225 மைக்ரான், ஆக செகண்டுக்கு ஏறக்குறைய 89,000 துளி. 4.508 என்ற அந்த ஒரே எண்ணை வைத்துக்கொண்டு நாமே போட்டுவிடக்கூடிய கணக்கு!

ராலேயின் வாழ்க்கைக்குத் திரும்புகிறேன். 1879-ல் மாக்ஸ்வெல் இறந்ததும் கேம்பிரிட்ஜ் கேவண்டிஷ் ஆய்வுக்கூடத்தின் பேராசிரியர் நாற்காலி காலியாயிற்று. அப்போது விவசாயம் படுத்துக் குத்தகை வருமானம் குறைந்திருந்த நேரம். பிரபுவுக்கும் சம்பளம் உதவியாக இருந்தது! ஐந்து வருஷம் அங்கே இருந்தார். கருவி வாங்க நிதி திரட்டினார், தன் பணத்தையும் போட்டார். மாணவர்கள் வரிசையாக, முறையாகச் சோதனைகள் செய்து பழகுகிற பிராக்டிகல் வகுப்புகளை ஏற்படுத்தினார். நாம் சீருடை போட்டுக்கொண்டு ரெக்கார்ட் நோட்டோடு லேபுக்குள் போகிற வழக்கத்துக்கு அவரும் ஒரு பூர்விகர் என்று சொல்லலாம். (அதற்காக அவரைத் திட்டாதீர்கள்.) 1882-ல் பெண்களுக்கும் அந்த வகுப்புகளைத் திறந்துவிட்டார். ஓம், ஆம்பியர், வோல்ட் இவற்றின் துல்லியமான அளவுகளை மறுபடி நிர்ணயிக்கிற வேலை அங்கேதான் நடந்தது. நைல் படகில் கூட இருந்த மைத்துனி எலினர் சிட்ஜ்விக் அந்த அளவீடுகளில் கூட உட்கார்ந்து வேலை செய்து, கட்டுரைகளிலும் பெயர் போட்டுக்கொண்டார்.

1884-ல் பதவியை விட்டுவிட்டு டெர்லிங்குக்கே திரும்பி, வீட்டிலேயே லேப் வைத்துக்கொண்டார். மிச்ச வாழ்க்கை முழுவதும் அங்கேதான். இந்தக் காலத்தில் நடந்த இரண்டு சங்கதிகளைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை.

1891 ஜனவரியில் ஜெர்மனியின் ப்ரவுன்ஷ்வைக் நகரிலிருந்து அவருக்கு ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் ஆக்னஸ் போக்கல்ஸ் என்ற பெண். கல்லூரிப் படிப்பு கிடையாது. அந்தக் காலத்தில் பெண்களுக்கு அங்கே இடமும் இல்லை. நோயாளிப் பெற்றோரைப் பார்த்துக்கொண்டு வீட்டு வேலை செய்கிறவர். ஆனால் ஒரு தகரத் தொட்டியில் தண்ணீர் வைத்து, அதன் பரப்பில் எண்ணெய்ப் படலம் படிந்தால் இழுவிசை எப்படிக் குறைகிறது என்று பத்து வருஷமாக அளந்து வைத்திருந்தார். ராலேயும் அதே ஆராய்ச்சியில்தான் இருந்தார். தண்ணீரில் ஆலிவ் எண்ணெய் எவ்வளவு மெல்லிசாகப் பரவும் என்று முந்தின வருஷம்தான் அளந்திருந்தார். முன்பின் தெரியாத ஒரு பெண் தன்னை முந்திவிட்டார் என்று அவர் கடிதத்தை மடித்து வைத்திருக்கலாம். மாறாக, அதை மொழிபெயர்க்கச் செய்து, வெளியிடும்படி நேச்சர் பத்திரிகைக்கு அனுப்பிவைத்தார். மார்ச் மாதமே அச்சில் வந்துவிட்டது. இன்று ஒரு இங்க்ஜெட் மையில் சோப்பு மாதிரியான பொருளைத் துளி கலந்து பரப்பு இழுவிசையைச் சரிசெய்கிறார்களே, அந்த அறிவு வளர்ந்த பாதையில் அந்தத் தகரத் தொட்டியும் இருக்கிறது.

அதே சமயம் ராயல் சொசைட்டியின் செயலாளராக இருந்த ராலே, அதன் பழைய காகிதக் கட்டுகளைப் புரட்டினார். 1845-ல் வாட்டர்ஸ்டன் என்பவர் அனுப்பி, அபத்தம் என்று ஒதுக்கப்பட்ட ஒரு கட்டுரை கிடைத்தது. பார்த்தால் வாயுக்களின் இயக்கக் கொள்கையில் பெரும்பகுதி அதில் அப்போதே இருக்கிறது! இந்த வாட்டர்ஸ்டன் பம்பாயில் கப்பல்படைப் பயிற்சி மாணவர்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவர். அங்கேயிருந்துதான் கட்டுரையை அனுப்பினார். 1883-லேயே செத்துப்போனார். ராலே அந்தக் கட்டுரையை ஒரு முன்னுரையோடு 1892-ல் அச்சிட வைத்தார். தங்கள் சங்கம் செய்த தவறை மறைக்காமல் எழுதினார்.

இப்போது ஆர்கன். பெரிய பரிசு அதற்குத்தான் கிடைத்தது. நைட்ரஜனின் அடர்த்தியை அளக்க ஆரம்பித்தார் ராலே. ஒரு கண்ணாடிக் குடுவையில் வாயுவை நிரப்பித் தராசில் நிறுக்க வேண்டும். காற்றிலிருந்து ஆக்சிஜனை நீக்கி எடுத்த நைட்ரஜன் ஒரு எடை காட்டியது. அம்மோனியா வழியாகத் தயாரித்த நைட்ரஜன் ஆயிரத்தில் ஒரு பங்கு குறைவாகக் காட்டியது. ஆயிரத்தில் ஒரு பங்கு! நம்ம ரெக்கார்டில் அதெல்லாம் ஒரு வித்தியாசமா? மூன்றாவது தசம ஸ்தானத்தை ரவுண்ட் பண்ணினால் போயிற்று. கூடக்குறைய வந்தால் ஸ்டாண்டர்ட் வேல்யூவைப் பார்த்து ரீடிங்கைப் பின்னாலிருந்து எழுதுகிற திறமை நம்மில் யாருக்குத்தான் இல்லை?

ராலே செய்தது இதற்கு நேர் எதிர். அந்த வித்தியாசத்தைச் சின்னதாக்கப் பார்க்காமல் பெரிதாக்கப் பார்த்தார். அம்மோனியா முறையில் காற்றையும் கலந்திருந்ததால் அதில் பாதிக்கு மேல் காற்றின் நைட்ரஜனே இருந்தது. காற்றுக்குப் பதில் சுத்த ஆக்சிஜனைச் செலுத்தினால் முழுக்க முழுக்க அம்மோனியாவின் நைட்ரஜன்தான் வரும். வித்தியாசம் தன் கைத்தவறாக இருந்தால் அப்போது மறையும், உண்மையாக இருந்தால் கூடும். கூடியது! இருநூறில் ஒரு பங்கு. குடுவையில் காற்று நைட்ரஜன் 2.310 கிராம், ரசாயன நைட்ரஜன் 2.299 கிராம். வேறு வேறு ரசாயனப் பொருள்களிலிருந்து தயாரித்துப் பார்த்தாலும் அதே கதை. 1892-ல் தனக்குப் புரியவில்லை, யாராவது காரணம் சொல்லுங்கள் என்ற தோரணையில் நேச்சருக்குக் கடிதம் எழுதினார். நோபல் பரிசு வாங்கப்போகிறவர், எனக்கு விளங்கவில்லை என்று ஊரறியப் பேப்பரில் போடுகிறார்!

நூறு வருஷத்துக்கு முன்னால் 1785-ல் கேவண்டிஷ், காற்றில் மின்பொறி விட்டு நைட்ரஜனை எல்லாம் நீக்கியபோது ஒரு குட்டிக் குமிழி மட்டும், 120-ல் ஒரு பங்குக்கு மேற்படாமல், மிஞ்சியதாகக் குறித்து வைத்திருந்தார். ராலே அதே சோதனையைப் பெரிய அளவில் செய்தார். வில்லியம் ராம்சே என்ற ரசாயனப் பேராசிரியர் சூடான மக்னீசியத்தின் மேல் செலுத்தி நைட்ரஜனை உறிஞ்சவைத்தார். இரண்டு பேருக்கும் மிஞ்சியது ஒரே வாயு. எதனோடும் சேராத சோம்பேறி. அதனால் கிரேக்க மொழியில் சோம்பலைக் குறிக்கிற பெயரையே வைத்தார்கள். 1894 ஆகஸ்டில் ஆக்ஸ்ஃபோர்டு கூட்டத்தில் அறிவித்தபோது பல ரசாயன வல்லுநர்கள் நம்பவில்லை. இத்தனை காலமாக எல்லோரும் மூச்சிழுக்கிற காற்றில், ஏறக்குறைய நூறில் ஒரு பங்கு, யாருக்கும் தெரியாமல் ஒரு தனிமம் இருந்தது என்றால் யார் ஒப்புக்கொள்வார்கள்? அந்தச் சர்ச்சை ராலேயை ரொம்ப அலுக்கவைத்தது. பிறகு பௌதிகத்துக்கே திரும்பிவிட்டார். 1904-ல் அவருக்கு பௌதிக நோபல், ராம்சேக்கு ரசாயன நோபல். பரிசுப் பணத்தை அவர் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக்கே கொடுத்துவிட்டார்.

ராயல் சொசைட்டித் தலைவர், கேம்பிரிட்ஜ் வேந்தர், விமானவியல் ஆலோசனைக் குழுத் தலைவர் என்று பதவிகள் வந்துகொண்டே இருந்தன. அவற்றை விரிக்க எனக்கு ஆர்வமில்லை. 446 கட்டுரைகள் எழுதினார். 1919 ஜூன் 30-ல் டெர்லிங் வீட்டில் இறந்தார். மகன் ராபர்ட்டும் பௌதிகக்காரர்தான். அப்பாவின் வரலாற்றை 1924-ல் எழுதி வெளியிட்டார்.

நம்ம ஆட்கள் இருவர் அவரோடு பிணைந்திருக்கிறார்கள். கடலின் நீலம் வானத்தின் பிரதிபலிப்புதான் என்று ராலே சொல்லியிருந்ததை, 1921-ல் கப்பலில் போகும்போது சர் சி.வி. ராமன் ஒரு சின்னப் பட்டகத்தை வைத்துப் பார்த்து மறுத்தார். சென்னையில் படித்த எஸ். சந்திரசேகர் 1961-ல் எழுதிய பெரிய புத்தகத்தில் தாரைகள் நிலைகுலைவது பற்றி ஒரு முழு அத்தியாயமே உண்டு.

சரி, எங்கள் கோடு என்ன ஆயிற்று? துளியின் கன அளவு சுமார் 10 பிக்கோலிட்டர், பறக்கும்போது விட்டம் 27 மைக்ரான். ஷீட்டில் விழுந்து பரவினால் 70 மைக்ரான் வரும். துளிகளுக்கு இடையே 80, 60, 40, 20 மைக்ரான் என்று நாலு இடைவெளி, ஒவ்வொன்றிலும் மூன்று கோடு, மொத்தம் பன்னிரண்டு. 80-ல் துளிகள் தொட்டுக்கொள்ளவே இல்லை, மூன்றும் ஓப்பன் சர்க்யூட். 60-ல் விளிம்பு அலை அலையாக, ஆனால் கரண்ட் போகிறது. 40-ல் நேர்கோடு! இன்னும் மை சேர்த்தால் இன்னும் நல்லது என்று 20-க்குப் போனோம். மூன்றில் இரண்டு ஓப்பன். மை நாலு மடங்கு ஊற்றிய இடத்தில் எப்படிக் கோடு அறும்? ஏதோ கை தவறிவிட்டது, அந்த வரிசையை ரிப்போர்ட்டில் விட்டுவிடலாம் என்று எங்களில் இருவர் சொன்னார்கள். நானும் அரைமனதாகத் தலையாட்டிவிட்டேன். அன்று ராத்திரிதான் ஆயிரத்தில் ஒரு பங்குக் கதையைப் படித்தேன்.

மறுநாள் 20 மைக்ரானில் இன்னும் ஆறு கோடு போட்டோம். எல்லாவற்றிலும் வீக்கம். பிறகு தேடிப் பார்த்ததில் காரணம் கிடைத்தது. காற்றில் போகிற தாரைக்குப் பிடிமானம் இல்லை, உடைகிறது. ஷீட்டில் கிடக்கிற கோட்டின் இரண்டு விளிம்பும் ஒட்டிக்கொண்டு நகராமல் இருந்தால், தொடுகோணமும் 90 டிகிரிக்குக் குறைவாக இருந்தால், ராலே சொன்ன உடைசல் வராது என்று 1980-ல் டேவிஸ் என்பவர் நிரூபித்திருக்கிறார். ஆனால் அளவுக்கு மீறி மை விழும்போது, புதுத்துளியின் அழுத்தம் மையைக் கோட்டின் வழியாகவே பின்னுக்குத் தள்ளி, ஏற்கனவே கொஞ்சம் உப்பிய இடத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. இதை 2003-ல் டைனவெல்ட் என்ற ஆய்வாளர் விளக்கினார். வீக்கம் பக்கத்து மையை உறிஞ்சிக்கொள்ள, நடுப்பகுதி மெலிந்து காயும்போது அறுந்துவிடுகிறது. மேசையை வேகமாக ஓட்டலாம், ஷீட்டைக் கொஞ்சம் சூடாக்கலாம். ரொம்பச் சூடாக்கினால் ஒவ்வொரு துளியும் தனித்தனியாகக் காய்ந்து, சாய்த்து அடுக்கிய காசுகள் மாதிரி ஆகிவிடும். பெர்க்லியில் 2008-ல் இந்த நிலைகள் எல்லாவற்றையும் வரிசைப்படுத்திப் படமே போட்டிருக்கிறார்கள். கோடு மெலிய வேண்டுமென்றால் இடைவெளியைக் கூட்ட வேண்டும். அகலம் இடைவெளியின் வர்க்கமூலத்துக்குத் தலைகீழ் விகிதம். ஆனால் கூட்டிக்கொண்டே போனால் பாசிமணி. ஆக நமக்குக் கிடைப்பது நடுவில் ஒரு குறுகிய சந்துதான்.

ரிப்போர்ட்டில் முதல் பன்னிரண்டையும் அடுத்த ஆறையும் அப்படியே போட்டோம். ஓப்பன் ஆன இடங்களில் ஓப்பன் என்றே எழுதினோம். வைவாவுக்கு வந்த எக்ஸ்டர்னல் நேர்கோட்டுப் படத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இருபது மைக்ரான் வரிசையில் விரலை வைத்துக்கொண்டு அரைமணி நேரம் எங்களைக் கேள்வி கேட்டார்.